இரும்புப் பொம்பளையின் வெறுங்கை

அந்த இரும்புப் பொம்பளையின் வலது முழங்கால் எங்கள் வீட்டு வாளி. அம்மா பதினான்கு வருஷம் ரப்பர் பால் சுமந்த வாளி. இடது முழங்கால் யாருடையது என்று மேட்டு லயத்து வீட்டு வரிசையில் இரண்டு குடும்பங்கள் கடைசி வரைக்கும் சண்டை போட்டன. வயிறு, வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகையில் கஞ்சி காய்ச்சிய அண்டா. அலுமினியம் இரும்போடு ஒட்டாது என்பதால் அதற்குத் தகட்டுப் பட்டை போட்டுத் திருகாணியால் முடுக்கியிருந்தது. பத்து விரல்களும் தேய்ந்துபோன பால்வெட்டு உளிகள். காதில் தோட்டுக்குப் பதிலாக ஒரு சைக்கிள் மணி, ஒரு காதில் மட்டும். இன்னொரு மணி கிடைக்கவில்லை.

இப்படிச் சொன்னால் ஏதோ வேடிக்கைப் பொம்மை போலத் தோன்றும். வேடிக்கை இல்லை. வேலை முடிந்து வந்து, லயத்து வாசல்படியில் முழங்கால் இரண்டையும் அகட்டி, முதுகைக் கொஞ்சம் வளைத்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளை. அப்படி உட்காராத அம்மா எங்கள் தோட்டத்தில் கிடையாது. கை இரண்டும் முன்னால் நீட்டியிருக்கும். கையில் ஒன்றும் இருக்காது.

போன வருஷம் என் மகள் என்னைக் கோலாலம்பூரில் ஒரு சிற்பக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியையும் கரண்டியையும் பழைய பெட்டியையும் சேர்த்து ஏதேதோ செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு அட்டை. இது வீட்டைப் பற்றியது, இது நினைவைப் பற்றியது, இது மனிதர்களைப் பற்றியது. எனக்குச் சட்டென்று கோபம் வரும், அது அப்பா கொடுத்துவிட்டுப் போன சொத்து. "அட்டை இல்லாட்டி இவங்களுக்கு வீடு எதுன்னு தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். மகள் என் கையைக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு எங்கள் இரும்புப் பொம்பளையின் ஞாபகம்தான். அவளுக்கு நான் கொடுக்கப் போன ஒரு சாமானும், கொடுக்க முடியாமல் நின்றதும்.

செய்தவர் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. ரத்த உறவு இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர் இருந்தது, அந்த உறவுதான். தோட்டத்துப் பட்டறையில் அவருக்கு வெல்டிங் வேலை. ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை பேசினால் அதிகம். "உங்க சித்தப்பா வாயில கொழுக்கட்ட" என்று சின்னம்மாவே சொல்லிச் சிரிப்பாள். சின்னம்மா என்பது அவர் மனைவி.

கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே நான்கு மைல் நடந்தால் எங்கள் தோட்டம். எனக்குப் பதினேழு வயது நடந்தபோது ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள் கூப்பிட்டு முடிந்ததும், ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு கடுதாசியைப் படித்தார். பால்மரத்தைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்கள். லயத்தை இடிக்கப் போகிறார்கள். மூன்று மாதத்தில் காலி பண்ண வேண்டும். படித்து முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார் என்று அம்மா சொன்னாள். அவருக்கும் போக இடம் தெரியாது.

சிலர் சபாக் பக்கம் போனார்கள், சிலர் கிள்ளானுக்கு. சித்தப்பாவுக்குக் கெர்லிங்கில் ஒரு தோட்டத்தில் வேலை அமைந்தது. எங்களுக்குக் கோலா சிலாங்கூர் டவுனில், மார்க்கெட்டுக்குப் பின்னால், மாமா ஓர் அறை பார்த்து வைத்தார். புதிய இடம் எல்லாமே சின்ன இடம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் எதைக் கொண்டுபோவது, எதை எறிவது என்று சண்டை. எறிந்ததெல்லாம் லயத்துக் கோடியில் குப்பையாகக் குவிந்தது. சித்தப்பா வேலை முடிந்து வரும்போது அந்தக் குவியலைக் கிளறுவார். காது உடைந்த சட்டி, நசுங்கிய வாளி, அகப்பை, அரிவாள், பால் வடிகிற மங்கை மரத்தில் மாட்டும் கம்பி என்று சாக்கில் போட்டுப் பட்டறைக்குப் பின்னால் கொண்டுபோவார்.

"என்னா தம்பி, பழைய சாமான் கடை வைக்கப் போறியா?" என்று ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் கேட்டார்.

"வீடு போவுது. வீட்டுல இருந்ததாவது ஒரு எடத்துல சேந்து இருக்கட்டும் லா," என்றார் சித்தப்பா. அன்றைய இருபது வார்த்தையில் பாதி அங்கே தீர்ந்திருக்கும்.

முதலில் பாதம் தெரிந்தது, பிறகு முழங்கால். இடுப்புக்கு மேலே ஏறியதும் ஊரே பார்க்க வந்தது. பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் சாமானைக் கண்டுபிடித்தார்கள். "இது எங்க வீட்டு தோசக்கரண்டி." "அந்த வளைஞ்ச கம்பி எங்க பெரியவன் தொட்டிலு கட்டுனது." கண்டுபிடித்ததும் சிரிப்பு நின்றுவிடும். மறுநாளிலிருந்து குப்பையில் போடுவதை விட்டுவிட்டு நேராக அவரிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். என் சட்டியைத் தோளில் வை, காலில் வைக்காதே என்று சட்டம் வேறு பேசினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் முகம் வைக்காத அவள் கழுத்தில் யாரோ குங்குமம் வைத்துச் சூடமும் கொளுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குக் கல்லை நட்டக்குத்தலாக நட்டால் போதும், கும்பிடாமல் போக மாட்டார்கள். சித்தப்பா மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டார். "இது சாமி இல்ல. நம்ம சட்டிபானை. சட்டியப் போயி கும்பிடுவாங்களா?" என்றார். மண்டோரின் மனைவி விடவில்லை. "சட்டிதானே தம்பி இத்தன வருசம் சோறு போட்டுச்சு. கும்பிட்டா என்னா கொறஞ்சி போவுது?" சித்தப்பா அதற்குப் பிறகும் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தார்.

கை இரண்டையும் செய்து முடித்து நீட்டி வைத்தபோது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். கையில் என்ன வைக்கப் போகிறாய்?

"தெரியல."

"குடுக்குற கையா, வாங்குற கையா? அதையாவது சொல்லு."

"அதுவும் தெரியல," என்றார்.

நான் மட்டும் அந்தக் கையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏன் என்று சொல்ல ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அம்மாவும் சின்னம்மாவும் ஒரே பலகைச் சுவரில் அந்தப் பக்கம் ஒருத்தி இந்தப் பக்கம் ஒருத்தி முதுகு சாய்ந்து பேசுகிறவர்கள். சின்னம்மா அம்மாவை அக்கா என்பாள். எங்கள் வீட்டில் மீன் குழம்பு என்றால் அங்கே போகும், அவர்கள் வீட்டில் கீரை என்றால் இங்கே வரும். பின்பக்கம் இரண்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரு சாக்கடை. அதைத் தாண்டி வருவது பெரும்பாலும் ஒரே பாத்திரம்தான், சின்னம்மாவின் சில்வர் தூக்குச் சட்டி. கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது. மூடியில் புள்ளி புள்ளியாகச் சின்னம்மாவின் பெயர் வெட்டியிருக்கும்.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. இது அம்மா எனக்கு மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்த சட்டம். ஒரு பிடி சீனி போடு. இல்லையென்றால் நாலு மிளகாய். அதுவும் இல்லையென்றால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. "வெறும் சட்டிய நீட்டாத, அது அவங்கள வெறும் ஆளா அனுப்புற மாதிரி," என்பாள்.

எனக்குப் பதினோரு வயதில் அப்பா இறந்தார். ரப்பர் காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது சின்னம்மா நான்கு மாதக் கர்ப்பிணி. ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு தரித்த பிள்ளை. வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குள் வரக் கூடாது, அதனால் வரவில்லை. ஆனால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுதது எங்களுக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று தூக்கில் சோறும் ரசமும் நீட்டினாள்.

சாவு வீட்டிலிருந்து பாத்திரம் திரும்பும்போது வேறு சட்டம். கழுவிக் கவிழ்த்து, வெறுமையாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அப்படித்தான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அம்மா மூலையில் சுருண்டு கிடந்தாள். முதல் இரண்டு நாள், சாவுக்கு வந்திருந்த அத்தைதான் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் நாள் என்னிடம் தந்து, "கழுவிக் குடுத்துட்டு வா" என்றாள்.

கழுவினேன். வெறும் தூக்கைக் கொண்டுபோக எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா செத்ததால் நாங்கள் முறை தெரியாதவர்கள் ஆகிவிட்டோம் என்று சின்னம்மா நினைத்தால்? சீனி டப்பாவைத் தேடினேன், எங்கேயோ நகர்த்தி வைத்திருந்தார்கள். அடுப்படி பெஞ்சுக்கு அடியில் நீலப் பூப்போட்ட பேசின் ஒன்று இருந்தது. அதில் பச்சரிசி, அரிசிக்கு நடுவில் ஓர் ஐந்து காசு. இரண்டு கையாலும் அள்ளித் தூக்கில் போட்டேன். காசும் கூடவே விழுந்தது. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். சாக்கடைக்கு அந்தப் பக்கம் சின்னம்மா அதை வாங்கிக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள். மூடியைத் திறக்காமல் உள்ளே போனாள்.

அது வாய்க்கரிசி. அப்பாவின் வாயில் எல்லோரும் போட்டதுபோக மிஞ்சியது. பிணத்தோடு சுடுகாட்டுக்குப் போக வேண்டியது. யாரோ அவசரத்தில் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துச் சின்னம்மாவைத் தோட்டத்து லோரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது வயிற்றில் பிள்ளை இல்லை.

கருமாதி முடிந்ததும் அம்மா முதல் வேலையாகச் சாக்கடையைத் தாண்டி அவளைப் பார்க்கப் போனாள். சின்னம்மா அடுப்படிக் கதவைச் சாத்தினாள். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். பிறகு தன் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தாள். "தாலி அறுத்தவ மூஞ்சில முழிக்க யாருக்குத்தான் புடிக்கும். பாவம், புள்ளயப் பறிகொடுத்தவ," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவே இல்லை.

பெரட்டுக்குப் போக வேண்டும் என்றால் சின்னம்மாவின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா தாண்டவில்லை. காலையில் எழுந்ததும் அவள் தன் முகத்தில் முழித்துவிடக் கூடாது என்று, பின்பக்கமாக, சாக்கடை ஓரத்தில், ஆட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனாள். மழைக்காலத்தில் கணுக்கால்வரை சேறு. கையில் வாளி, தோளில் வாளி மாட்டித் தூக்குகிற காண்டாக் கம்பு. ஆறு வருஷம் அப்படிப் போனாள். ஒரு நாள் வழுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஏனென்றால் அப்போது எனக்குத் தெரியும். எனக்குப் பதினான்கு வயதில் கீழ் லயத்தில் ஒரு தாத்தா இறந்தார். வரிசையில் நின்று வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். தட்டைப் பார்த்தேன். பச்சரிசி, நடுவில் காசு. கையில் எடுத்த அரிசியை என்னால் போட முடியவில்லை. "பிள்ள பயப்படுது, விடுங்க" என்று யாரோ என்னை நகர்த்திவிட்டார்கள். பயம்தான். சின்னம்மா அன்று மூடியைத் திறந்து பார்த்தது என்ன என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. அம்மா வேண்டுமென்றே அவளுக்கு வாய்க்கரிசி அனுப்பினாள், என் புருஷன் போனான், உன் பிள்ளையும் போகட்டும் என்று அனுப்பினாள், அதுதான் அவள் நினைத்தது. ஒரு பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று நான் நம்பினேன். இப்போது அரிசி ஆளைக் கொல்லாது என்று தெரிகிறது. பதினான்கு வயதில் தெரியவில்லை. வாயைத் திறந்தால் எல்லோரும் என்னைக் கொலைகாரி என்பார்கள் என்று மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன். அம்மா சேற்றில் நடந்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மூன்று மாதத்தில் ஊரே பிரியப் போகிறது. சின்னம்மா கெர்லிங்குக்குப் போய்விட்டால் இது அப்படியே நின்றுவிடும் என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. போய்த் தொலையட்டும், தப்பித்தேன் என்று இன்னொரு பக்கம் சொன்னது. இரண்டும் உண்மைதான்.

சித்தப்பாவின் இரும்புப் பொம்பளைக்கு முகம் மட்டும் மிச்சம் இருந்தது. வட்டமாக, தட்டையாக ஏதாவது வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார். அம்மா அடுப்படிக்குப் பின்னால் போய் அந்த நீலப் பூப்போட்ட பேசினை எடுத்து வந்தாள். அப்பாவுக்குப் பிறகு அதில் சமையலுக்கு ஒன்றும் வைத்ததில்லை, கோழிக்குத்தான் தவிடு பிசைவாள். "இத எடுத்துட்டுப் போறதா வேணாமான்னு கெடந்துச்சு. குடுத்துட்டு வா," என்றாள்.

பட்டறைக்குப் பின்னால் சித்தப்பா பேசினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொம்பளையின் கழுத்துக்கு மேலே வைத்து அளவு பார்த்தார். சரியாக இருந்தது. நீலப் பூ இரண்டு கன்னத்திலும் வந்தது. அதைத் தினமும் சின்னம்மா பார்ப்பாள் என்ற நினைப்பு வந்ததும் எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது வேணாம் சித்தப்பா."

"ஏன், அழகாத்தானே இருக்கு."

"அதுல இருந்துதான் அரிசி எடுத்தேன்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் பாதி புரிந்திருக்காது. அவர் பேசினை மெல்லக் கீழே இறக்கி வைத்தார். வெகுநேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அரிசி ஆளக் கொல்லாதுமா," என்றார். "டாக்டர் என்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுக்கு யாரு மேலயாவது கோவப்படணும். நானும் வுட்டுட்டேன். தப்பு எம்பேர்லயும் இருக்கு." அவர் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. "இத எங்கிட்ட சொல்லி என்னா. அவகிட்ட சொல்லு."

நேராகப் போனேன். நின்றால் பயம் வந்துவிடும். சின்னம்மா அடுப்படியில் சாக்கில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, சின்னம்மா, என்று கூப்பிட்டேன். அவள் நிமிரவில்லை.

"அன்னைக்குத் தூக்குல அரிசி போட்டது நான். அம்மாவுக்குத் தெரியாது. வெறும் சட்டியா குடுக்கக் கூடாதுன்னு போட்டேன். அது என்னா அரிசின்னு எனக்கு அப்பத் தெரியாது."

"காசு?" என்றாள்.

"அதுல கெடந்துச்சு."

சின்னம்மா சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாமிகிட்ட ஒங்கம்மாவத் திட்டியிருக்கேன். பேரச் சொல்லித் திட்டியிருக்கேன். ஆறு வருசம்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஒங்கம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"மொதல்ல அங்க சொல்லு. போ."

என்னை அடிப்பாள், இல்லையென்றால் கட்டிக்கொள்வாள் என்று நினைத்துப் போயிருந்தேன். இரண்டும் இல்லை. எனக்கு அவள் மேல்கூடக் கொஞ்சம் கோபம் வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் சுமந்ததைக் கொண்டுபோய்க் கொட்டினால், போ என்கிறாள்.

அம்மா துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல முடிச்சைப் போட்டு அவிழ்த்து, போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்போ, நான் தாலி இல்லாதவங்கறதால இல்லையா?"

"இல்லம்மா."

என் முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாக வலித்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அப்பாவுக்குக்கூட அவள் அப்படிச் சத்தமில்லாமல் அழுததில்லை. அழுது முடித்ததும், "அந்த பேசின் எங்க?" என்றாள். பட்டறைக்குப் போய் எடுத்துக்கொண்டு, சுடுகாட்டுக்குப் போகிற மண்பாதையில் தனியாக நடந்தாள். என்னை வரக் கூடாது என்றாள். திரும்பி வரும்போது கையில் பேசின் இல்லை. இரும்புப் பொம்பளைக்குச் சின்னம்மா வீட்டு தோசைக்கல்தான் முகமாக ஆனது.

இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. சின்னம்மாவுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அம்மாவுக்கோ இப்போதுதான் கோபமே வந்தது. "ஒரே செவுத்துல முதுகு சாஞ்சவ. நான் அப்படிச் செய்வேன்னு நெனச்சாளே. நெனச்சாளே," என்று முறத்தைப் பார்த்து, அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் மறுநாள் காலை பெரட்டுக்கு முன்வாசல் வழியாகத்தான் போனாள், தலையை நிமிர்த்திக்கொண்டு. அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்களுடைய லோரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. லயத்தில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். அம்மா வெளியே வரவில்லை, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அன்று சமைக்க ஒன்றும் இல்லை. சின்னம்மா முன்சீட்டில் ஏறி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தப்பா மட்டும் என்னிடம் வந்தார். "ஒங்கம்மாவப் பட்டறப் பக்கம் ஒரு தரம் போயிப் பாத்துட்டு வரச் சொல்லு," என்றார். லோரி போய்விட்டது.

"அங்க என்னா இருக்கு, பழைய இரும்பு," என்றாள் அம்மா. வெங்காயம் உரித்து முடித்தாள். கை கழுவினாள். பிறகு, "வா," என்றாள்.

இரும்புப் பொம்பளையின் நீட்டிய கைகளில் அந்தத் தூக்குச் சட்டி இருந்தது. வெயிலில் மூடி பளிச்சென்று இருந்தது, புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். அம்மா கிட்டே போய் மூடியில் இருந்த பெயரை விரலால் தடவினாள். திறந்தாள். விளிம்புவரை சீனி. ஒரு பிடி இல்லை, நாலு பிடி இல்லை. அந்த மாதத்துக்கு அவர்கள் வீட்டில் இருந்த சீனி முழுவதும் அதில்தான் இருந்திருக்கும்.

அம்மா அதை அந்தக் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கினாள். நான் பார்த்தேன், அப்படித்தான் வாங்கினாள், ஆளிடம் வாங்குகிற மாதிரி. வீட்டுக்கு வருகிற வழியில் பாதி தூரம் வந்ததும் சொன்னாள்.

"ரொப்பிக் குடுத்துட்டுப் போயிருக்கா. திருப்பிக் குடுக்காம இருக்க முடியுமா? கெர்லிங்குக்கு எத்தன பஸ்ஸு மாறணும்?"

மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. கோலா சிலாங்கூருக்கு நாங்கள் வந்து சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, அம்மா தூக்கில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுத் துணியால் கட்டிக்கொண்டு போனாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவளிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அவ ரசத்துல மொளகு பத்தல. இன்னும் அதே ரசம்," என்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தூக்கு எங்கள் வீட்டிலும் அங்கேயும் மாறி மாறி இருந்தது. தீபாவளிக்கு முறுக்கோடு போகும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு வரும். ஒரு தடவைகூட வெறுமையாகப் போனதில்லை, வந்ததில்லை. இரும்புப் பொம்பளை என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பட்டறையே இல்லை, செம்பனைக் கன்றுகள்தான் இருந்தன. பழைய இரும்புக்காரன் எடுத்திருப்பான் என்றார்கள். அவனுக்கு அது எடைதானே.

எண்பதுகள் முடியப்போகிற நேரத்தில் சின்னம்மா இறந்தாள். கர்ப்பப்பையில் ஏதோ. முழுதாக ஒரு மாதம்கூடப் படுக்கவில்லை. தகவல் வந்தபோது தூக்கு எங்களிடம் இருந்தது. அம்மா விடியற்காலையில் எழுந்து சோறு வடித்து, ரசம் வைத்து, மிளகைச் சின்னம்மா கணக்குக்கே போட்டு, ரசத்தை ஒரு போத்தலில் ஊற்றி, சோற்றைத் தூக்கில் போட்டாள். சித்தப்பாவுக்கு வேறு யாரும் இல்லை. மூன்று பஸ் மாறிக் கொண்டுபோனோம். பிள்ளையில்லாத வீட்டில் அவர் வாசல்படியில் முழங்கால் இரண்டையும் அகட்டி உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் அங்கே இருந்தோம். கிளம்புகிற அன்று நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா குழாயடிக்குப் போய்த் தூக்கைத் தானே கழுவினார். சாம்பல் போட்டு, மூடியில் இருந்த புள்ளிகளுக்கு நடுவில்கூட அழுக்கு இல்லாமல் கழுவினார். ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கையை நீட்டி வாங்கினேன். எடையே இல்லை. அவர் முறை தெரிந்தவர். அவர்கள் வீட்டிலிருந்து அந்தத் தூக்கு வெறுமையாக வந்தது அதுதான் முதல் தடவை.

போய்விட்டு வருகிறோம் என்று சொல்லவில்லை, சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. பஸ்ஸில் அம்மா தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். ரவாங் தாண்டியதும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து பார்த்தாள்.